புதையாத சக்கரம்: கசீபோ நிலாவும் சேலத்துக் கிரஷர் தூசியும்

ஆறு சக்கரம், ஒன்பது கிலோ எடை, முன்னால் இரட்டைக் கேமரா. யாரும் ஓட்டாமல் தானே வழி பார்த்து, பள்ளம் வந்தால் திரும்பி, சாய்வு கூடினால் வேறு பக்கம் போகிற ஒரு சின்ன ரோவர். நிலாவுக்கு அனுப்புகிற உத்தேசம் எல்லாம் இல்லை. அங்கே போகிற வண்டிக்கு வேண்டிய முடிவெடுக்கும் மென்பொருளை நாமே எழுதிப் பார்க்க வேண்டும் என்கிற ஆசைதான். நானும், பொறியியல் படிக்கிற என் அக்கா மகனும், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணனும் சேர்ந்து செய்கிறோம். வண்டியின் உடம்பு அண்ணன் பொறுப்பு. அதன் மூளையை முதலில் கம்ப்யூட்டருக்குள் ஓட்டிப் பழக்குவது எங்கள் இருவர் பொறுப்பு. இந்தப் பதிவு பெரும்பாலும் அந்த இரண்டாவது வேலையைப் பற்றியது.

மென்பொருள் எல்லாமே இலவசம். லினக்ஸ் வகையான உபுண்டு 24.04, அதன் மேல் ரோபோவின் பகுதிகளை ஒன்றோடொன்று பேச வைக்கும் ரோஸ் 2 ஜாஸி, சிமுலேட்டராக கசீபோ ஹார்மோனிக். பொழுதுபோக்குக்காரர்கள் மட்டும் பயன்படுத்துகிற சமாச்சாரம் இல்லை இது. சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள் பறக்கும் ஆஸ்ட்ரோபீ ரோபோவுக்கு நாசா வெளியிட்டிருக்கும் சிமுலேட்டரும், யூரோப்பா போன்ற பனி நிலவில் இறங்கும் லேண்டருக்கான ஓஷன்வாட்டர்ஸ் என்பதும் ரோஸ், கசீபோ மேல் கட்டப்பட்டவைதான். இரண்டையும் இறக்கிப் பிரித்துப் பார்க்கலாம். நாங்கள் நிறையக் கற்றது அப்படித்தான்.

நிறுவுவதைப் பற்றி நீட்டப் போவதில்லை. உலகக் கோப்பில் ஈர்ப்பை 9.8-இலிருந்து 1.62 ஆக்குவது ஒரு வரி வேலை. 'யூஸ் சிம் டைம்' என்பதை ஒவ்வொரு நோடுக்கும் (ரோஸில் தனித்தனியாக ஓடும் சின்ன நிரல்) ட்ரூ என்று கொடுத்துவிடுங்கள். ஒன்றுக்கு விட்டுப்போனாலும் சிமுலேட்டரின் கடிகாரமும் லேப்டாப்பின் கடிகாரமும் முட்டிக்கொண்டு, சென்சார் தகவல் எல்லாம் பழையது என்று தூக்கி எறியப்படும். வண்டி அசையாது. காரணமும் தெளிவாகத் தெரியாது.

நிலாவுக்குப் போகும் முன் ஏற்காட்டுக்குப் போனோம், கம்ப்யூட்டரில்தான். இது அக்கா மகனின் யோசனை. "மாமா, நிலா மேப் தப்பா ஏறியிருந்தா நமக்கு எப்படித் தெரியும்? சேர்வராயன் மலை தப்பா இருந்தா பார்த்ததும் தெரிஞ்சிடும்ல?" என்றான். சரியான பேச்சு. 2000-இல் எண்டவர் விண்கலத்திலிருந்து ரேடார் வைத்து எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. சேலத்தின் வடக்கு ஓரத்திலிருந்து சேர்வராயன் கோயில் மலை வரை ஒரு சதுரம் வெட்டி, சாம்பல் நிறப் படமாக மாற்றி, கசீபோவில் ஏற்றினோம்.

மலை வந்தது, ஆனால் படிக்கட்டாக வந்தது. சாதாரண பிஎன்ஜி படத்தில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 நிலைகள்தான். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் வாக்கில், மலை உச்சி 1,600 மீட்டருக்கு மேல். அந்த 1,300 சொச்சம் மீட்டரை 256-ஆகப் பிரித்தால் ஒரு படி ஐந்து மீட்டர். ரோவரின் கேமராவுக்கு அது ஐந்து மீட்டர் சுவர். படமாக மாற்றும் வேலையையே விட்டுவிட்டு, உயரத்தை அப்படியே எண்ணாக வைத்திருக்கும் ஜியோடிஃப் கோப்பை நேராகக் கொடுத்தபோது சரிவுகள் சரிவுகளாயின. இதையே நிலாத் தரவில் பார்த்திருந்தால் "நிலா இப்படித்தான் இருக்குமோ" என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருப்போம்.

அடுத்த சந்தேகம் மலைப் பாதை. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றுகூடத் தெரியவில்லை. தெரியவும் செய்யாது, முப்பது மீட்டர் இடைவெளிக்குள் மொத்தச் சாலையும் அடங்கிவிடுகிறது. இன்னொன்றும் கவனித்தோம். காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்களின் உயரமும் கொஞ்சம் தரை உயரத்தோடு கலந்திருக்கிறது. ரேடார் அலை இலைக்கூட்டத்திலேயே ஓரளவு பட்டுத் திரும்பிவிடுவதால் வருவது இது. நிலாவில் மரம் இல்லை என்பதால் அந்தக் கவலை இல்லை. ஆனால் வளைவுகள் காணாமல் போன கவலை அப்படியே நிலாவுக்கும் பொருந்தும்.

நிலாவுக்கு நாங்கள் எடுத்தது, நிலாவைச் சுற்றும் நாசாவின் எல்ஆர்ஓ விண்கலத்தின் லோலா என்ற லேசர் உயர அளவீடு. 2009-இல் கிளம்பிய கலம். துருவப் பகுதிக்கு ஐந்து மீட்டர் இடைவெளி வரை தரவு கிடைக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. அந்த ஐந்து மீட்டருக்குள் எங்கள் ரோவர் பத்து நிற்கும்! வண்டியைக் கவிழ்க்கக்கூடிய கல், சக்கரம் இறங்கக்கூடிய குழி, எதுவும் அந்த வரைபடத்தில் இல்லை. போதாக்குறைக்கு, லேசர் புள்ளிகள் விழுந்த தடங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கணக்குப் போட்டு நிரப்பியிருப்பார்கள். அதனால் சில இடங்களில் நிலாவில் இல்லாத வரப்புகள் தெரியும். பெரிய வடிவத்துக்கு லோலா, சின்னச் சமாச்சாரத்துக்கு நம் கைவேலை என்று பிரித்துக்கொண்டோம். சின்னக் குழிகள் ஏராளம், பெரியவை குறைவு என்கிற விகிதத்தில் குழிகளையும் கற்களையும் தூவ ஒரு பைத்தான் நிரல் எழுதினோம். எது எங்கே விழும் என்பதைத் தீர்மானிக்கும் விதை எண்ணை மாற்றினால் வேறொரு நிலம் வரும். ஒரே நிலத்தில் திரும்பத் திரும்ப ஓட்டினால், நாம் எழுதும் நிரல் நம்மை அறியாமலே அந்த நிலத்துக்கு மட்டும் பொருத்தமாகிவிடும்.

இதுவரை எல்லாம் சுகம். ரோவர் நிலாவில் ஜோராக ஓடியது, முப்பது டிகிரிச் சரிவிலும் ஏறியது. அதுதான் உறுத்தியது.

கசீபோவின் தரை ஒரு கெட்டியான கூடு. சக்கரம் அதைத் தொடும், உராயும், அவ்வளவுதான். புதையாது. உராய்வுக் கெழுவை யாரும் தொடாவிட்டால் அது 1. அந்தக் கணக்கில் 45 டிகிரி வரை வழுக்காமல் ஏறலாம். சிமெண்ட் பூசிய நிலா என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜத்தில் ரோவர்களின் எமன் பாறை மட்டும் இல்லை, மென்மையான மண்ணும்தான். 2005 ஏப்ரலில் செவ்வாயில் ஆப்பர்ச்சுனிட்டி ஒரு மணல் மேட்டில் மாட்டி, ஜூன் தொடக்கத்தில்தான் வெளியே வந்தது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, வண்டி நகரவில்லை. 2009-இல் ஸ்பிரிட் மாட்டியது, மீளவே இல்லை. சக்கரம் சுற்றிய கணக்கை வைத்து "இவ்வளவு தூரம் வந்துவிட்டேன்" என்று நம்புகிற ரோவருக்கு இந்த இடத்தில்தான் ஆபத்து.

புதைவதைக் கணக்கிட ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. போலந்தில் பிறந்து, பின்னாளில் அப்பல்லோ நிலா ஊர்தி வேலையிலும் பங்கேற்ற பெக்கர் தந்தது. மண்ணின் மேல் அழுத்தம் கூடக் கூட ஆழம் எப்படிக் கூடும் என்பதை மூன்று எண்களில் சொல்லிவிடும். ஒன்று மண் துகள்களின் ஒட்டுதலைச் சார்ந்தது, ஒன்று உராய்வைச் சார்ந்தது, மூன்றாவது ஆழத்தின் மேல் போடும் அடுக்கு (பவர்). நிலா மண்ணுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் எண்கள் 1,400, 8,20,000, 1. எங்கள் வண்டிக்குப் போட்டுப் பார்த்தோம். நிலாவில் ஒரு சக்கரத்தின் மேல் வரும் பாரம் 2.4 நியூட்டன். மண்ணைத் தொடும் பரப்பு நான்குக்கு ஆறு செ.மீ. என்று வைத்தால் புதையும் ஆழம் ஒரு மி.மீ.க்குச் சற்று மேல். அதே மண்ணில் பூமியின் எடையோடு நின்றால் ஏழு மி.மீ. இது சும்மா நிற்கும்போது. சுற்ற ஆரம்பித்தால் சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளும், ஆழம் இன்னும் கூடும்.

இதைச் செய்து காட்டுகிற சிமுலேட்டர் கசீபோ இல்லை, ப்ராஜெக்ட் க்ரோனோ. அதில் எஸ்சிஎம் என்று ஒரு மண் மாதிரி இருக்கிறது. சக்கரம் போன தடம் பள்ளமாகவே நிற்கும், பார்க்க அழகு. ஆனால் ஆறு சக்கரம், பெரிய நிலம் என்று கொடுத்தால் எங்கள் லேப்டாப்பில் நிஜ நேரத்தைவிடப் பல மடங்கு மெதுவாக நகர்ந்தது. கேமராவும் வழி தேடலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் வேலையைப் பிரித்தோம். க்ரோனோவில் ஒரே ஒரு சக்கரத்தை வெவ்வேறு சரிவில் ஓட்டி, எந்தச் சரிவில் எவ்வளவு வழுக்கல் என்று ஓர் அட்டவணை. அந்த அட்டவணையை, சக்கரத்தை வழுக்க வைக்கும் கசீபோவின் வீல்ஸ்லிப் செருகுநிரலுக்குத் தீனியாகக் கொடுத்தோம். அந்தச் செருகுநிரலில் ஒரு சக்கரத்தின் செங்குத்து விசை என்று ஓர் எண் கேட்கும். பூமியின் எடையை அங்கே கொடுத்தால் கணக்கு ஆறு மடங்கு பிசகும். நிலா எடையைத்தான் கொடுக்க வேண்டும்.

சரி, க்ரோனோவில் போட்ட எண்களை எதை வைத்து நம்புவது? இந்த இடத்தில் நாங்கள் சேலத்துக்காரர்களாக இருப்பது வசதியாகப் போயிற்று. சந்திரயான் திட்டத்துக்காக இஸ்ரோ நிலா மண் போன்ற ஒன்றைச் செய்யத் தேடியபோது கிடைத்தது சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்து அனார்த்தசைட் பாறை. இன்று நாமக்கல் மாவட்டம், 1997 வரை சேலம் மாவட்டம்தான். நிலாவின் மேட்டு நிலங்கள் பெரும்பாலும் அதே வகைப் பாறை, தென்துருவமும் மேட்டு நிலமே. பெரியார் பல்கலைக்கழக நிலவியல் (ஜியாலஜி) துறையினர் அந்த வேலையில் பங்கேற்றார்கள், பாறையை அரைத்ததும் சேலத்துக் கிரஷர்களில்தான்.

அனார்த்தசைட்டுக்கு நாங்கள் போகவில்லை. வண்டி ஓட்டிப் பார்க்க வேதியியல் அவ்வளவு முக்கியம் இல்லை, துகளின் வடிவம்தான் முக்கியம். நிலாவில் காற்றும் தண்ணீரும் இல்லாததால் துகள்கள் தேயாமல் கூர் கூராக இருக்கின்றன. ஆற்று மணல் உருண்டு தேய்ந்தது, ஆகாது. எம்-சாண்டும் கட்டட வேலைக்காகக் கூர் மழுங்க வைத்து வருவது. கூர் மாறாமல், மிச்சமாக ஒதுக்கி வைத்திருக்கும் கிரஷர் தூசிதான் சரி. ஒரு குட்டியானையில் ஏற்றி வந்து, லேத் பட்டறையின் பின்கட்டில் பலகை அடித்துப் பரப்பினோம். மேல் அடுக்குக்கு மட்டும் மாவுச் சல்லடையில் சலித்தது. முகக்கவசம் கட்டாயம். கல் தூசி நுரையீரலில் போனால் போனதுதான், இதில் அலட்சியம் வேண்டாம்.

எண்களை அளக்க பெக்கர் காட்டிய முறையையே பிடித்தோம். அண்ணன் வெவ்வேறு அகலத்தில் இரண்டு இரும்புத் தகடுகள் வெட்டிக் கொடுத்தார். தகட்டின் மேல் எடைக்கல்லை ஒவ்வொன்றாக வைத்து, எவ்வளவு இறங்குகிறது என்று வெர்னியரில் பார்ப்பது. ஒரே தகடு போதாதா என்று கேட்கலாம். அகலம் மாறினால்தான் ஒட்டுதல் பங்கும் உராய்வுப் பங்கும் தனித்தனியாகப் பிரியும். இரண்டு பக்கமும் மடக்கை அளவில் வரைந்தால் கோட்டின் சாய்வே அந்த மூன்றாவது எண். ஒவ்வொரு முறையும் மண்ணைக் கிளறி, மட்டப்பலகை போட்டு ஒரே மாதிரி ஆக்குவதுதான் உண்மையான உழைப்பு. தூசி கொஞ்சம் ஈரம் குடித்தாலும் எண் மாறிவிடுகிறது. மழை நாளுக்கு அடுத்த நாள் எடுத்த அளவுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, வெயிலில் காய வைத்து, ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடினோம்.

வண்டியை ஏற்றி ஓட்டியதும் சக்கரம் அச்சு வரை இறங்கியது. அண்ணன் பார்த்துவிட்டு, "ஏங்க, நிலாவுல இது ஒன்றரைக் கிலோதானேங்க? மிச்சத்தைக் கட்டித் தொங்க விட்டுட்டா ஆச்சு" என்றார். ஆச்சு! ஷெட்டின் குறுக்கே ஜிஐ பைப், அதில் பேரிங் வைத்து ஓடும் கப்பி, ஒரு முனையில் வண்டி, மறுமுனையில் ஏழரைக் கிலோ எடைக்கல். நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் வேறு வழியில் போகிறது. செவ்வாய் ரோவரான க்யூரியாசிட்டியின் எடையில் எட்டில் மூன்று பங்கு மட்டும் இருக்கும் ஸ்கேர்குரோ என்ற வண்டியை வைத்திருக்கிறார்கள். செவ்வாயில் க்யூரியாசிட்டிக்கு எவ்வளவு எடையோ அவ்வளவு பூமியில் அதற்கு. எந்த வழியில் போனாலும் ஒரு குறை மிச்சம். வண்டியின் எடையைக் குறைக்கலாம், மண் துகளின் எடையைக் குறைக்க முடியாது. நிலாவில் துகளும் இலகு, அதனால் மண்ணின் பிடிமானமும் குறையும். ஆகவே பட்டறையில் கிடைக்கும் விடை நிலாவைவிடக் கொஞ்சம் நல்லதாகத்தான் வரும் என்று வைத்து, அட்டவணையில் வழுக்கலைக் கூட்டியே போட்டோம்.

தூசியில் பதினைந்து டிகிரி தாண்டியதும் வண்டி தடுமாற ஆரம்பிக்கிறது. கெட்டித் தரைச் சிமுலேஷனில் முப்பதில் ஏறியது இதே வண்டிதான். வழுக்கலைச் சேர்த்த பிறகு கசீபோவிலும் அது நின்ற இடத்திலேயே சுற்றுவதைப் பார்க்க எனக்கு ஒரு சந்தோஷம். இப்போது கேமராப் படங்களை ஒப்பிட்டு நகர்ந்த தூரம் எடுக்கிறோம், சக்கரக் கணக்கு அதோடு ஒத்துப்போகாவிட்டால் வண்டி நின்றுவிடும். திசைகாட்டும் காந்த சென்சாரை எடுத்தே விட்டோம். நிலாவுக்குப் பூமியைப் போல மொத்தமான காந்தப்புலம் கிடையாது. சிமுலேட்டர் கேட்டதும் கொடுக்கிறது என்பதற்காக வாங்கிக்கொள்ளக் கூடாது. (கஞ்சமலைப் பக்கம் எடுத்துப் போயிருந்தால் அங்குள்ள இரும்புத் தாதில் அது வேறு விதமாகக் குழம்பியிருக்கும்.)

வெளிச்சத்தைப் பற்றிச் சுருக்கமாக. காற்று இல்லாததால் நிழல் கன்னங்கரேல் என்று இருக்கும், சூரியனும் தாழ்வாகவே நிற்கும். சந்திரயான்-3-இன் விக்ரம் இறங்கிய 69 டிகிரி தெற்கில் உச்சிப் பொழுதிலேயே இருபது டிகிரி உயரம்தான். கசீபோவில் வானத்தை எடுத்துவிட்டு, சுற்றுவெளிச்சத்தைப் பூஜ்யமாக்கி, சூரியனைச் சாய்த்தோம். பட்டறையில் இரவில் ஒரே ஒரு ஃபோகஸ் லைட்டைத் தரையோடு வைத்து அதே காட்சியை எடுத்து ஒப்பிட்டால் நிஜம் இன்னும் மோசம். இரட்டைக் கேமரா ஆழம் கண்டுபிடிக்கப் புள்ளிகளே கிடைக்காத இடம் நிஜத்தில் அதிகம். நாசா ஏம்ஸ் மையம் இதற்கென்றே செயற்கை நிலா மண்ணையும் கற்களையும் வைத்து எடுத்த போலார் என்ற படத்தொகுப்பு பொதுவில் இருக்கிறது. எங்கள் கேமரா நிரலை அந்தப் படங்களில் ஓட்டித்தான் சரிசெய்தோம்.

இனி பள்ளம். 2023 ஆகஸ்ட் 27 அன்று பிரக்யான் ரோவருக்கு மூன்று மீட்டர் முன்னால் நான்கு மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று வந்தது. பூமியிலிருந்து கட்டளை அனுப்பித் திருப்பினார்கள். அதே காட்சியை அப்படியே கசீபோவில் கட்டினோம். ஒரே மாற்றம், கட்டளை எதுவும் கிடையாது. வண்டியே திரும்ப வேண்டும்.

வண்டி நேராகப் பள்ளத்துக்குள் போய் விழுந்தது. காரணம் வடிவக் கணக்கிலேயே இருக்கிறது. கேமரா நாற்பது செ.மீ. உயரத்தில் இருக்கிறது. மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் விளிம்பைத் தாண்டிப் பார்க்கும் பார்வைக் கோடு, எதிர்ச் சுவரில் அதன் விளிம்புக்கு அரை மீட்டர் கீழே போய்த்தான் முட்டும். நடுவில் ஒரு புள்ளிகூட இல்லை. நேவ்2 என்ற வழி தேடும் தொகுப்புக்குப் புள்ளி இல்லாத இடம் 'தெரியாத இடம்'. அதன் வழக்கமான திட்டமிடுவானில் தெரியாத இடத்தின் வழியே போகலாம் என்பதுதான் இயல்பான அமைப்பு. கோடவுனுக்குள் ஓடும் ரோபோவுக்கு அது நியாயம். போகக் கூடாது என்று மாற்றினோம். இப்போது வண்டி நின்ற இடத்தைவிட்டே அசையவில்லை, சுற்றிலும் முக்கால்வாசி தெரியாத இடம்தானே!

கடைசியில் நேவ்2-இன் வரைபடத்தின் மேல் நாங்களே ஒரு அடுக்கு எழுதினோம். கிட்டத்துத் தரை தெரிகிறது, தூரத்தில் ஏதோ தெரிகிறது, நடுவில் வெறுமை, அந்தத் தூரத்துப் புள்ளி தரை மட்டத்துக்குக் கீழே இருக்கிறது என்றால் அது பள்ளம், செல்லாதே. இதில் கல்லின் நிழல்தான் தொந்தரவு. நிழலும் வெறுமையாகத்தான் வரும், ஒவ்வொரு கல்லுக்கும் வண்டி பயந்து நின்றது. சூரியன் எந்தப் பக்கம் என்பது கணக்கில் தெரியும். வெறுமை ஒரு கல்லுக்குப் பின்னால், சூரியனுக்கு எதிர்ப்பக்கத்தில், கல்லின் உயரத்துக்கு ஏற்ற நீளத்தில் இருந்தால் நிழல். அங்கே தடை இல்லை, வழிக் கணக்கில் கூடுதல் செலவு மட்டும். மற்ற வெறுமை எல்லாம் பள்ளமாகவே கருதப்படும். தேவையில்லாமல் சுற்றிப் போவது நடக்கிறது. விழுவதற்கு அது மேல்.

இதெல்லாம் ஏன், இங்கிருந்தே ஓட்டினால் என்ன என்று அண்ணன் கேட்டார். லினக்ஸின் நெட்எம் வசதியில் கட்டளைக்குத் தாமதம் வைத்து ரிமோட்டை அவர் கையிலேயே கொடுத்தோம். நிலாவுக்குப் போய்வர 2.6 நொடி, அது பரவாயில்லை, சமாளித்துவிட்டார். செவ்வாய்க்கு ஒரு வழிக்கே மூன்று நிமிடத்திலிருந்து இருபத்திரண்டு நிமிடம் வரை. குறைந்த அளவான மூன்று நிமிடம் வைத்ததும், "நான் டீ குடிச்சிட்டு வர்றேங்க" என்று போய்விட்டார்.

இப்போது நிலவரம்: பள்ளக் காட்சியில் விதை எண்ணை மாற்றி மாற்றி ராத்திரி முழுக்கத் தானாக ஓடும்படி வைத்திருக்கிறோம், பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. சூரியன் நேர் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது மட்டும் இன்னும் ஏமாறுகிறது. அப்போது நிழல்கள் எல்லாம் கற்களுக்குப் பின்னால் மறைந்து, நிலம் ஒரே வெள்ளையாகி, கல்லே தெரிவதில்லை. அதற்கு நேராகப் போகாமல் சற்றுக் கோணலாக வளைந்து வளைந்து போக வைத்துப் பார்க்கிறோம். சக்கரத்தின் மேல் பட்டைகள் வைத்த புது மாதிரிக்கு அளவு கொடுத்தாகிவிட்டது. அண்ணன் கடைந்து தந்ததும் தூசியில் மறுபடி ஓட்டி, அட்டவணையை மாற்ற வேண்டும்.